எர்மிந்தா ஒட்டிய டேப்

எங்கள் எஸ்கெல் ஊரில் அனிபால் எச்செவெரியைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி ஒருவனை யாராவது காட்டினால் என் மோட்டார் சைக்கிளை அவருக்கே கொடுத்துவிடுவேன். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கிண்டலும்தான். ஆனால் அவன் பயம் உண்மையான பயம். சின்ன வயதில் காற்று பலமாக அடிக்கிற நாட்களில், எவன் வீட்டுத் தகரக் கூரையாவது பறந்து வந்து கழுத்தைச் சீவிவிடும் என்று அடுப்படியை விட்டு நகர மாட்டான். எங்கள் பக்கத்தில் காற்று அடிக்காத நாள் எது? பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. வளர்ந்த பிறகு லிஃப்டைக் கண்டால் பயம், நாயைக் கண்டால் பயம், தட்டில் மீன் இருந்தால் முள்ளுக்குப் பயம்.

அப்படிப்பட்டவனுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள். நகராட்சியில் எடை, அளவு சோதிக்கும் வேலை. கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், விறகுக்கடை எடைமேடை எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். தோல்பையில் எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு அவன் தெருமுனையில் திரும்பினாலே கறிக்கடைக்காரர்களுக்கு முகம் வெளுக்கும். உலகத்திலேயே அவன் பயப்படாமல் நின்ற இடம் ஒரு தராசின் முன்னால் மட்டும்தான். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உண்மை, அதற்குமேல் பேச்சில்லை.

"பொய் சொல்ற கருவிய வெச்சிருக்கறதுக்கு, கருவியே இல்லாம இருக்கலாம்" என்று கடைக்காரர்களிடம் சொல்வான். அதனால்தான் பின்னாளில் எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பில் அவனுக்கு 'முள்ளு' என்று பெயர் வைத்தோம்.

இவன் எப்படி மோட்டார் சைக்கிளில் ஏறினான் என்று கேட்பீர்கள். ஏற்றியது அவன் மனைவி எர்மிந்தா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலையும். பிள்ளைகள் இருவரும் கொமோதோரோவுக்கு வேலைக்குப் போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, சமையலறை ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சொன்னாளாம்.

"இத்தனை வருஷமா ஒரே ஜன்னல் வழியா ஒரே மலையப் பாத்தாச்சு. மத்த மலையெல்லாம் நான் பாக்கணும், கிழவா. பைக் வாங்கு."

"கார் வாங்கலாம் எர்மி. அது பத்திரம்."

"கார்ல போனா மறுபடியும் ஜன்னல் வழியாத்தானே பாக்கணும்?"

வண்டி வந்தது. நீண்ட பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. இரண்டு பக்கமும் பெட்டிகள், முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் உட்காருகிறவருக்கு நாற்காலி மாதிரி சாய்மானம். விமானத்தில் இருப்பதுபோல வரிசையாக விளக்குகளும் முள்களும். அதைப் பார்த்ததும் அனிபாலுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை கருவிகள் காவலுக்கு இருக்கும்போது ஆபத்து சொல்லாமல் வந்துவிடாது என்று நினைத்தான்.

முதல் வாரமே ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் பனி மூடியது. காலையில் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது மத்தியானம்தான் தெரியும். பெட்ரோல் முள் பாதியில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் காற்று அடித்தால் திடீரென்று சிவப்பில் விழும், காற்று நின்றால் மெல்ல எழுந்து உட்காரும். கைப்பிடியைச் சூடாக்கும் ஏற்பாட்டில் இடது பக்கம் மட்டும் வேலை செய்தது. ஹெல்மெட்டுக்குள் இருவரும் பேசிக்கொள்ள வைத்திருந்த மைக்கில் ஒரு பாதிரியாரின் பிரசங்கம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. ஹாரன் மனம் வைத்தால் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஆயில் விளக்கு. மழை பெய்தால் எரியும், பள்ளத்தில் இறங்கினால் எரியும், சும்மாவும் எரியும். எங்கள் கிளப் மெக்கானிக் லாதிஸ்லாவோ எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குதிரை மாதிரி இருக்கிறது என்று சொல்லி மூடினான். வண்டி விற்ற கடைக்காரனோ, "இந்த மாடல் எல்லாமே அப்படித்தான் தலைவரே, ஓட ஓட சரியாயிடும்" என்றான். ஓடியது. சரியாகவில்லை.

நெடுஞ்சாலையில் சுற்றுகிற எங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொருவன் வண்டியிலும் ஏதாவது ஒன்று நொண்டும். லாதிஸ்லாவோ வண்டியில் நியூட்ரல் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை, கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். என் வண்டியில் கிலோமீட்டர் எண்கள் எந்தக் காலத்திலோ நின்றுவிட்டன, வயசாகாத வண்டி என்று பெருமை பேசிக்கொள்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்க முள்ளை நம்பியே பிழைத்தவனுக்கு இது நரகம். விளக்கு எரிந்தால் இறங்கி எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பான். எரியாவிட்டால், எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லையோ என்று மறுபடி இறங்குவான்.

அந்தப் பயத்துக்கெல்லாம் அடியில் இருந்தது ஒரே பயம்தான். ஒருமுறை, இரண்டு தம்ளர் ஒயினுக்குப் பிறகு, என்னிடம் வாய்விட்டுச் சொன்னான். "நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன்டா. அவ பின்னால உக்காந்திருக்கா. கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. என்னால அவளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

ஒரு கோடையில் சோலிலாவுக்கு ஆட்டுக்கறி விருந்துக்குப் போனோம். அனிபால் விளக்கு எரிந்த இடத்தில் எல்லாம் ஓரம் கட்டினான். இறங்குவான், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பான், துடைப்பான், மறுபடி பார்ப்பான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடு நாய்களுக்குப் போய்விட்டிருந்தது. எர்மிந்தா லாதிஸ்லாவோவின் கருவிப் பையைத் திறந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தாள்.

"இந்த வெளக்கு என்ன சொல்லுது?"

"ஆயில் இல்லன்னு."

"ஆயில் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பொய்தானே சொல்லுது. நீதான சொல்லுவ, பொய் சொல்ற கருவி இருக்கக் கூடாதுன்னு." பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்து விளக்கின்மேல் ஒட்டினாள். பக்கத்து விளக்கின்மேல் ஒன்று. பெட்ரோல் முள்ளின்மேல் ஒன்று. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தாள். "இது பாவம், பனியிலயே மூடித்தான் கெடக்கு. இதுக்கு வேண்டாம்."

"ஒருநாள் நெசமாவே எரிஞ்சா, எர்மி?"

"அன்னைக்கு வண்டியே நின்னுரும், தெரிஞ்சுக்கலாம். இப்ப எனக்குப் பசிக்குது."

நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டல் எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் அன்று தட்டினோம்.

மைக் செத்த பிறகு இருவரும் பேசிக்கொள்ள ஒரு வழி செய்திருந்தார்கள். பின்னாலிருந்து அவள் அவன் தோளில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து, ஏதோ சரியில்லை. மூன்று தட்டு என்றால் எல்லாம் சுகம், போய்க்கொண்டே இரு. எர்மிந்தா எப்போதும் மூன்றுதான். கல்மழையிலும் மூன்று, குவனாக்கோ என்கிற காட்டு ஒட்டக மந்தை குறுக்கே பாய்ந்து சறுக்கி நின்ற அன்றும் மூன்று. டேப்பும் இந்த மூன்று தட்டும் சேர்ந்து அனிபாலை ஒருவாறு நிமிர்த்தி உட்கார வைத்தன. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் பார்க்காதபோது டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்ப்பான். அவள் கண்டுபிடித்துப் புது டேப் ஒட்டுவாள்.

சில வருடங்கள் இப்படியே ஓடின. போன பிப்ரவரியில், எங்கள் பக்கத்துக் கோடையில், ரியோ மாயோவில் மோட்டார் சைக்கிள் சந்திப்பு. நாங்கள் முதல்நாளே போய்விட்டோம். எர்மிந்தாவுக்கு உடம்பு அசதியாக இருக்கிறது, மறுநாள் வருகிறோம் என்று அனிபால் சொன்னான். அசதி என்ற சொல்லை எர்மிந்தாவின் பெயரோடு சேர்த்து அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் இருவரும் தனியாகக் கிளம்பினார்கள். வழியில் தெக்காவில் நிறுத்தி மாத்தே இலைத் தேநீர் குடித்தார்கள், பொரித்த ரொட்டி தின்றார்கள். அவள் ஒன்றைக் கடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள். கோபர்நதோர் கோஸ்தாவில் டேங்க் விளிம்பு வரை பெட்ரோல் நிரப்பிக்கொண்டார்கள். அந்த ஊரைத் தாண்டினால் ரியோ மாயோ வரைக்கும் பொட்டல்தான். புல், கல், கம்பி வேலி, அவ்வளவுதான். போனில் சிக்னல் கிடையாது. மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று வலது பக்கம் வந்து மோதியது. அனிபால் வண்டியைக் காற்றின்மேல் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். தோளில் மூன்று தட்டு விழுந்தது. கொஞ்சதூரம் போனதும் இன்னும் மூன்று. வழக்கமாக அவன் தலையைத் திருப்பிக் கேட்டால்தான் அவள் தட்டுவாள். இன்று கேட்காமலே தட்டினாள். அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே என்று பின்னால் அவன் என்னிடம் சொல்லி அழுதான்.

அப்போதுதான் சாலையோரம் சிவப்புக் கொடிகள் தெரிந்தன. வழிப்போக்கருக்குக் காவல் என்று எங்கள் ஜனங்கள் கும்பிடுகிற கௌச்சித்தோ சாமியின் தகரக் கூண்டு, சாலையோரக் குட்டிக் கோயில். கௌச்சித்தோவின் கொடியைக் கண்டால் எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எவனும் ஹாரன் அடிக்காமல் தாண்ட மாட்டான். நம்புகிறவனும் அடிப்பான், நம்பாதவனும் அடிப்பான். அடிக்காமல் தாண்டியவன் போகிற ஊருக்குப் போய்ச் சேர மாட்டான் என்று ஒரு பேச்சு. நான் அதையெல்லாம் நம்புவதில்லை. ஒருநாளும் அடிக்காமல் போனதும் இல்லை.

அனிபால் ஹாரனை அழுத்தினான். 'டிக்' என்றது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினான். மறுபடி டிக். கொடிகள் பின்னால் போய்விட்டன.

முதலில் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். படித்தவன், எடை அளவு பார்க்கிறவன், ஒரு தகரக் கூண்டுக்குப் பயப்படுவதா? பாறை ஒன்று தாண்டியது, வேலி ஒன்று முடிந்தது. பெட்ரோல் நிரப்பினோமே, நிரப்பியது உண்மைதானே என்று யோசித்தான். மூடியைச் சரியாக மூடினோமா? முன் சக்கரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதா? காற்றா, சக்கரமா? டேப்புக்கு அடியில் எந்த விளக்கு எரிகிறது? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கௌச்சித்தோ என் உயிரைக் கேட்டால் கொடுத்துவிடுவேன், அவளைக் கேட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது அவன் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது. சாலையில் வண்டியைத் திருப்பினான். ஹாரன் அடிக்க முடியாவிட்டால் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றுவது போல ஹெல்மெட்டையாவது கழற்றிவிட்டு வரலாம்.

திரும்பியதும் காத்திருந்தான். மண்டையில் ஓங்கி ஒரு அடி விழ வேண்டும். 'கிழவா, புத்தி கெட்டுப்போச்சா, ரியோ மாயோ அந்தப் பக்கம்' என்று அவள் ஹெல்மெட்டைக் குத்த வேண்டும். ஒன்றும் விழவில்லை. அதுதான் அவனை அன்று முதல்முதலாகக் குலை நடுங்க வைத்தது. ஹாரன் அடிக்காததற்கு அதுவரை பட்டது பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

கூண்டின் முன்னால் நிறுத்தினான். அவள் இறங்கிய விதமே சரியில்லை. ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை யாருடையதோ போல இழுத்து இறக்கினாள். சிவப்பு ரிப்பன்களுக்கும் காலி ஒயின் புட்டிகளுக்கும் நடுவில், யாரோ வைத்துவிட்டுப்போன சிகரெட்டுகளின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். அவன் அவள் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் சாம்பலாக இருந்தது. கோடையிலும் எலும்பைக் குடைகிற அந்தக் குளிர் காற்றில் நெற்றியெல்லாம் வேர்வை.

"எர்மி."

"ஒண்ணுமில்ல. அந்த ரொட்டி நெஞ்சக் கரிக்குது."

"ஒரு வாய்தானே தின்ன?"

"அப்ப அந்த ஒரு வாய்தான்." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள், குழந்தையை அணைத்துக்கொள்வதுபோல. "எதுக்குடா திரும்பின?"

"ஹாரன் அடிக்கல."

"நீ ஒரு..." என்று ஆரம்பித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் ஒரு வசவை முடிக்காமல் விட்டதும் அன்றுதான் முதல்தடவை.

வடக்கேயிருந்து ஒரு லாரி வந்தது. அனிபால் சாலை நடுவுக்கு ஓடி இரண்டு கைகளையும் வீசினான். லாரிக்காரனிடம் ரேடியோ இருக்கும், ஊருக்குச் சொல்லலாம். லாரி நெருங்கியது. ஓட்டுநர் சிவப்புக் கொடிகளைப் பார்த்தான், கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான், கை வீசுகிற ஆளைப் பார்த்தான். சந்தோஷமாகத் தானும் கையை வீசினான், நீளமாக மூன்று முறை ஹாரன் அடித்தான், அவனைச் சுற்றி ஒதுங்கிப் போய்விட்டான். வேண்டுதலுக்கு வந்தவர்கள் என்று நினைத்திருப்பான். எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம், அப்படித்தான் போயிருப்போம். புழுதி அடங்கியபோது அனிபால் சாலை நடுவில் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தான். அவ்வளவு நல்ல ஹாரன்.

உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது, உட்கார்ந்தால் அவளும் போய்விடுவாள் என்றும் தெரிந்தது. பெட்டியிலிருந்து சாமான் கட்டும் பட்டையை எடுத்தான். அவளுக்கு ஹெல்மெட்டை மாட்டி, தூக்கி வண்டியில் உட்கார வைத்து, தான் முன்னால் ஏறி, பட்டையை இருவர் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி இறுக்கினான்.

"தட்டிக்கிட்டே இரு" என்றான். "எத்தன வேணாத் தட்டு. நிறுத்த மட்டும் நிறுத்தாத."

"மெதுவாப் போடா, பயந்துருவ" என்றாள் அவள்.

கோஸ்தாவை நோக்கிப் பறந்தான். பறந்தான் என்று நான் சொல்வதை அவனைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். இப்போது காற்று இடது பக்கம் மோதியது. வண்டி கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனது, இழுத்தான், மறுபடி போனது. ஸ்பீடோமீட்டரில் பனி. எவ்வளவு வேகம் என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. பழைய டேப்பின் ஒரு ஓரம் காற்றில் கிளம்பிப் படபடத்தது. அதற்கடியிலிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம். ஆயிலா, வேறு ஏதாவதா? கையை எடுத்துப் பார்க்க முடியாது. எரிந்தால் எரியட்டும், எஞ்சின் உருகினால் உருகட்டும், ஊர் வந்த பிறகு உருகட்டும் என்று ஹெல்மெட்டுக்குள் உரக்கச் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. கௌச்சித்தோவிடம் என்று லாதிஸ்லாவோ சொல்கிறான். வண்டியிடம் என்று நான் நினைக்கிறேன்.

தோளில் தட்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்று. இடைவெளி. மூன்று. பிறகு இரண்டா மூன்றா என்று புரியாதபடி ஏதோ உரசியது. பிறகு ஒன்றுமில்லை. அவள் பாரம் முழுவதும் அவன் முதுகில் சாய்ந்தது, ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் டொக்கென்று முட்டி அங்கேயே நின்றது.

வாழ்நாள் முழுக்கப் பயந்தவனுக்கு, பயம் என்றால் என்ன என்று அதுவரை தெரியாது. அவன் கத்தினான். அவள் பெயரைக் கத்தினான். நிறுத்திப் பார்க்கலாமா? நிறுத்தினால் என்ன பார்ப்போம்? பார்த்துவிட்டால் பிறகு எப்படி ஓட்டுவோம்? கண்ணீரில் சாலை கரைந்தது. ஆக்சிலரேட்டரை அவன் விடவில்லை.

நெடுநேரம் கழித்து, அல்லது அவனுக்கு அப்படித் தோன்றிய நேரம் கழித்து, விலாவில் ஏதோ அசைந்தது. ஒரு விரல். ஒரே ஒரு தட்டு. மெதுவாகப் போ என்று அர்த்தம். அவன் மெதுவாகப் போகவில்லை.

கோஸ்தா ஆஸ்பத்திரி வாசலிலும் ஹாரன் 'டிக்' என்றுதான் சொன்னது. அனிபால் தொண்டை கிழியக் கத்தினான். கறிக்கடையில்கூடக் குரலை உயர்த்தாதவன் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து நர்ஸும் வாட்ச்மேனும், கட்டுப் போட வந்திருந்த ஒரு கிழவரும்கூட ஓடி வந்தார்கள். அவன் இறுக்கிய பட்டை அவிழவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள், ஊசி போட்டாள், எஸ்கெலுக்குப் போன் போட்டாள், மறுபடி காகிதச் சுருளைப் பார்த்தாள். மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்த பிறகுதான் வெளியே வந்து அனிபால் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஹார்ட் அட்டாக்தான். நேரத்துக்கு வந்துட்டீங்க. இப்ப அடங்கியிருக்கு, ஆனா இன்னைக்கு ராத்திரி முழுக்கக் கவனமா இருக்கணும், காலைல ஆம்புலன்ஸ்ல எஸ்கெல் அனுப்பறேன். ரியோ மாயோ பக்கமா போயிருந்தீங்கன்னா..." காகிதச் சுருளை மடித்தாள். "எப்படித் தெரிஞ்சு திரும்பினீங்க?"

"ஹாரன் வேலை செய்யல, டாக்டர்."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

உள்ளே போனபோது எர்மிந்தா கண் விழித்திருந்தாள். டாக்டர் அவளிடம் குனிந்து, "இதுக்கு முன்னாடி இந்த வலி வந்திருக்காம்மா?" என்று கேட்டாள். எர்மிந்தா முதலில் கணவனைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"போன குளிர்காலத்துல இருந்தே வருது. படியேறினா வரும். நின்னா போயிரும்."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலியா?"

"அவன்கிட்ட எப்படிச் சொல்றது? தூங்க மாட்டான்."

அனிபால் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளிர்காலம் முழுக்க அவள் மாடிப்படியில் பாதியில் நின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது. செடித் தொட்டியைப் பார்க்கிறேன் என்பாள். பக்கத்து வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள் என்பாள். ஒரு தராசு ஒரு குன்றிமணி அளவு ஏமாற்றினாலும் வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிறவன், பின்னாலேயே அந்தப் படியில் ஏறியிருக்கிறான், ஒவ்வொரு முறையும். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது. அவள்மேலா, தன்மேலா என்று பிரிக்க முடியவில்லை. வெளியே வண்டியிடம் போய்விட்டான்.

திரும்பி வந்தபோது எர்மிந்தா அவன் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்புப் பசை அப்பியிருந்தது.

"என்னடா பண்ணின?"

"பிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஏதாவது வெளக்கு எரிஞ்சுச்சா?"

"ஆயில்தான். எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா எரிஞ்சிருக்கு."

"பாத்தியா." அவள் உதடு லேசாக வளைந்தது. "இனிமே வழி பூரா நடுங்கிக்கிட்டே ஓட்டுவியே, கிழவா."

"நடுங்கறேன். இப்பவும் நடுங்கிக்கிட்டுத்தான் நிக்கறேன், பாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். "ஆனா எனக்குத் தெரியணும், எர்மி. பொய்யா எரிஞ்சாலும் தெரியணும். பயப்படறது எனக்குப் பழக்கம். பிறந்ததுல இருந்து அதத்தான் பண்றேன், வேற எதுலயும் நான் கெட்டிக்காரன் இல்ல. உனக்குப் பயந்து பழக்கமில்ல. தனியா எதுக்கு நீ பயந்துக்கிட்டுக் கெடந்த?"

அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்கு அவன் அடுப்படியில் ஒளிந்திருப்பான். இப்போது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அவள் விரல்கள் அவன் முழங்காலில் மெல்ல எழுந்தன. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூன்றாவதற்கு அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். விரல்கள் இரண்டோடு நின்றுவிட்டன. இத்தனை வருடத்தில் அவள் இரண்டு தட்டியதே இல்லை.

அனிபால் கட்டில் தலைமாட்டிலிருந்த மணியை அழுத்தினான். நடையின் கடைசியில் அது அடித்தது, நர்ஸின் செருப்புச் சத்தம் வேகமாக இந்தப் பக்கம் வந்தது.